காட்டுத்தீத் தொழில்நுட்பங்களின் செலவை எடைபோடுவது எப்படி?

கலிபோர்னியாவின் காட்டுத்தீக் கருவிகளை மதிப்பிடுபவர், விலைச்சீட்டைப் பார்க்கும் முன், அக்கருவி தீயின் எந்தக் கட்டத்தில் பயன்படும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 72,000 லிட்டர் சுமந்த போயிங் 747 தீயணைப்பு விமானம், ஆற்றலில் குறையில்லாதிருந்தும், 2021இல் சேவையிலிருந்து விலகியது. பறக்காத நாட்களின் பராமரிப்பு, விமானிகளின் ஊதியம், தீத்தடுப்பு இரசாயனம் ஆகியவற்றையும் கூட்டினால்தான் உண்மைச் செலவு தெரியும். பலத்த காற்றில் விமானங்களின் பயன் குறைகிறது. தீ வேகமாகப் பரவுவதும் அப்போதுதான். மலையுச்சிக் கேமராக்கள் மலிவானவை, ஆனால் புகையைக் கண்டதும் விரைந்து செல்ல ஆட்கள் உண்டா என்று கேளுங்கள். 85 பேரைப் பலிகொண்ட 2018ஆம் ஆண்டின் கேம்ப் தீ மின்கம்பியிலிருந்து கிளம்பியதால், கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கும் செலவையும் அதே பட்டியலில் வையுங்கள். அது மின்கட்டணத்தில் ஏறுவதால் தீயணைப்புத் துறையின் கணக்கில் தென்படாது.