ஒரு ஜிபி டெஸ்ட்டை நம்பி எஸ்எஸ்டிக்கு மார்க் போடாதீர்கள்

ஹார்ட்வேர் ரிவ்யூ செய்யத் தொடங்கியிருக்கும் இரண்டு தம்பிகள், வீடியோவை வெளியிடும் முன் என்னிடம் காட்டினார்கள். நல்ல உழைப்பு. ஆனால் சில வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகள் வரிசை மாறாமல் அதில் இருந்தன. டிரைவர் போட மறப்பது, கேபிளைத் தவறாகச் செருகுவது போன்றவற்றை இங்கே சொல்லவில்லை. அவை அன்றைக்கே தெரிந்துவிடும். தெரியாமலே போகிற தவறுகள்தான் ஆபத்து.

காலி எஸ்எஸ்டி, ஒரு ஜிபி டெஸ்ட்

எஸ்எஸ்டியின் (சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளைத் திறந்தால் 1 ஜிபி, ஐந்து முறை என்று அமைப்பு தயாராக இருக்கும். பட்டனை அழுத்தினால் சில நிமிடங்களில், பெட்டியில் அச்சடித்த வேகமே திரையிலும் வரும். நானும் அப்படி ஒரு 1 டிபி எஸ்எஸ்டியைச் சோதித்து, 'இந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம்' என்று எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு வாங்கியவர்களில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரும் இருந்தார். அடுத்தடுத்த நாள் முகூர்த்தம். இரவு மண்டபத்திலிருந்து வந்து கேமராவின் மெமரி கார்டுகளை அந்த எஸ்எஸ்டிக்கு மாற்றிக் காலி செய்ய உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் வேகமாக ஓடிய காப்பி அப்புறம் நகரவே இல்லை. விடியும்போதும் கார்டுகள் காலியாகவில்லை. புதுக் கார்டு வாங்கிக்கொண்டுதான் அடுத்த மண்டபத்துக்குப் போனார். "அண்ணே, நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதாலதான் வாங்கினேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். கியூஎல்சி வகை எஸ்எஸ்டியில் தரவு தங்கும் ஒவ்வொரு செல்லிலும் நான்கு பிட் எழுத வேண்டும். அது மெதுவான வேலை. அதனால் ஒரு பகுதி செல்களில் தற்காலிகமாக ஒரே ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதி வைத்துக்கொள்வார்கள். இதுதான் எஸ்எல்சி கேஷ். அது நிரம்பியதும் எஸ்எஸ்டியின் உண்மையான வேகம் தெரியவரும். விலை குறைந்த டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) எஸ்எஸ்டிகளிலும் இதே கதைதான், சரிவு அவ்வளவு மோசமாக இருக்காது.

சாம்சங் 870 கியூவிஓ 1 டிபியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் வேகம் நொடிக்கு 530 எம்பி, கேஷ் 42 ஜிபி, அது தீர்ந்தால் 80 எம்பி என்று நிறுவனமே தன் விவரத்தாளில் போட்டிருக்கிறது. அதில் 300 ஜிபி எழுதினால் முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். மீதி 258 ஜிபிக்கு ஏறக்குறைய 54 நிமிடம். பழைய ஹார்ட் டிஸ்க்கே இதைவிட வேகமாக எழுதும். அந்த 42 ஜிபியிலும் 36 ஜிபி காலி இடத்திலிருந்து கடன் வாங்கியது. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப மிஞ்சுவது 6 ஜிபிதான். அப்போதும் 1 ஜிபி டெஸ்ட் அந்த 6 ஜிபிக்குள் அடங்கி, 530-ஐயே காட்டும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. விவரத்தாளில் இருக்கிற ஒரு வரியைப் படிக்காமல் எத்தனை பேர் 'சூப்பர் ஸ்பீடு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

ஆகவே, முக்கால்வாசி நிரப்புங்கள். கேஷ் தன்னைக் காலி செய்துகொள்ள அரை மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு இடம் தீரும் வரை நிறுத்தாமல் எழுதி, நொடிக்கு நொடி வேகத்தைப் பதிவு செய்து, சராசரியோடு அந்த வரைபடத்தையும் காட்டுங்கள். காப்பி செய்து பார்ப்பதானால், எடுக்கும் டிஸ்க் எழுதும் டிஸ்க்கைவிட வேகமானதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது எடுக்கும் டிஸ்க்கின் வேகத்தை. கூடவே வெப்பநிலையையும் பதியுங்கள். மதர்போர்டில் நேரடியாகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி சூடானாலும் வேகம் விழும். மின்விசிறி வைத்து மறுபடி ஓட்டும்போதும் அதே ஜிபியில் விழுந்தால் காரணம் கேஷ். விழுவது தள்ளிப்போனால் சூடு.

அறை வெப்பம்

காலையில் 27 டிகிரியில் ஒரு ப்ராசஸர் கூலரையும் மதியம் 34 டிகிரியில் இன்னொன்றையும் சோதித்தால், இரண்டாவதற்கு அநியாயம் செய்கிறீர்கள். காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள். ப்ராசஸர் வெப்பத்திலிருந்து அது காட்டும் அளவைக் கழித்து வரும் வித்தியாசத்தை வெளியிடுங்கள்.

மதர்போர்டின் தாராளம்

கோர் ஐ5-12400 ப்ராசஸருக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை மின்சக்தி 65 வாட், வேகம் கூட்டி ஓடும் டர்போவில் 117 வாட். பல மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தாங்களாகவே தளர்த்திவிடும். ஒரு ப்ராசஸரை ஒரு போர்டிலும் அடுத்ததை வேறு போர்டிலும் போட்டு 'இது வேகம்' என்றால், வேகமாக இருந்தது எது? பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) வரம்பு என்ன என்று பார்த்து, அந்த எண்ணை ரிவ்யூவில் எழுதுங்கள்.

ரேம்

டிடிஆர்5-6000 ரேமை 4800-ல் ஓடவிட்டு எடுத்த எண்களை வெளியிடாதீர்கள். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் ஆன் செய்யுங்கள்.

ஒரே ஒரு ரன்

போதாது. குறைந்தது மூன்று ரன் வேண்டும்.

ரிவ்யூவுக்கு வந்த சாம்பிள்

எஸ்எஸ்டிகளில் மாடல் பெயர் மாறாமலே உள்ளே இருக்கும் சிப்பும் கண்ட்ரோலரும் மாறுவதுண்டு. ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் மென்பொருள்) எண்ணைக் குறித்து வையுங்கள். ஸ்டிக்கரைக் கிழிக்காமல் தெரிகிற அளவுக்குச் சிப் மேல் உள்ள எழுத்துகளைப் படமெடுத்துப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து வாங்குகிறவர் தன் கையில் இருப்பதை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.