கேள்வித்தாளுடன் காசிமேட்டுக்குப் போகுமுன்

மனச்சோர்வு, பதற்றம், நம்பிக்கையின்மை மூன்றையும் அளக்கப் போகிறேன் என்று வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, யாரிடம் அளக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். குடியிருப்புப் பகுதி என்றால் மனச்சோர்வுக்கு பிஎச்கியூ-9, பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள்கள் போதும். இரண்டும் இலவசம், இரண்டும் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்பவை. டயாலிசிஸ் பிரிவு என்றால், களைப்பும் பசியின்மையும் சிறுநீரக நோயாலேயே வந்து மதிப்பெண்ணை ஏற்றிவிடும். அங்கே உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்து 1983-இல் உருவாக்கிய, பதற்றம், மனச்சோர்வு இரண்டையும் அளக்கும் எச்ஏடிஎஸ் கேள்வித்தாள் பொருந்தும். நம்பிக்கையின்மைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் குழுவினரின் 1974-ஆம் ஆண்டு அளவுகோல் இருக்கிறது: 20 வாக்கியங்கள், சரி அல்லது தவறு. கடைசி இரண்டுக்கும் உரிமம் வாங்க வேண்டும். யாரோ அனுப்பிய நகலை ஜெராக்ஸ் எடுத்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இனி வீடு. சென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டில் ஒற்றை அறைக்குள் மாமியார் கட்டிலில் இருப்பார், பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியில் நிற்பார். அவர்கள் காதுபட மருமகள் சொல்லும் ‘இல்லவே இல்லை’யை நான் நம்புவதில்லை. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வெளியே உட்கார்ந்து மாமியாரின் சர்க்கரை, பி.பி. கதையைக் கேட்கட்டும். (பொறுமையாகக் கேளுங்கள், நீண்ட கதை.) உள்ளே இருப்பவர் கேள்விகளை அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். ‘இரண்டு வாரம்’ என்பதைப் போன அமாவாசை, ரேஷன் அரிசி வாங்கிய நாள் என ஏதாவது ஒரு நாளோடு சேர்த்துச் சொல்லலாம். ‘கொசுக்கடி தம்பி, எப்படித் தூங்குவது?’ என்பார்கள். காரணத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது. அதை அந்த வீட்டைவிட்டு எழும்புமுன்பே பாருங்கள். ‘இல்லவே இல்லை’க்கான பூஜ்ஜியம் தவிர எது இருந்தாலும் தாளை மூடிவைத்துவிட்டு அவரோடு பேசுங்கள். மேற்பார்வையாளரை அங்கிருந்தே அழையுங்கள். எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பது ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனஸ் எண்ணை எழுதிக் கொடுங்கள். அதில் தமிழிலும் பேசலாம்.

கணக்குப் போடுவது எளிது. பெக் அளவுகோலில் மட்டும் கவனம் வேண்டும்: 11 வாக்கியங்களுக்குச் ‘சரி’ என்றாலும், மீதி 9-க்குத் ‘தவறு’ என்றாலும்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பிஎச்கியூவில் 27-க்குப் பத்தோ அதற்கு மேலோ எடுத்தவரை ‘மனச்சோர்வு நோயாளி’ என்று அறிக்கையில் எழுதாதீர்கள். மருத்துவர் பார்க்க வேண்டியவர், அவ்வளவே.