புத்தகத்தை மூடித்தான் படிக்க வேண்டும்: பாடம் மனதில் நிற்க ஒரு செய்முறை

ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அதைப் பாடமே தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் நடத்திய சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் போனதும் அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். இரண்டாம் முறை வாசிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

படி 1: தலைப்புகள், படங்கள், பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகள். 5 நிமிடம் புரட்டினால் போதும்.

படி 2: துணைத்தலைப்பைக் கேள்வியாக்குங்கள். 'ஒளிவினை' (ஒளிச்சேர்க்கையில் ஒளி பட்டு நடக்கும் முதல் கட்டம்) என்று இருந்தால், "ஒளி பட்டதும் எது உடைகிறது, எது வெளியே வருகிறது?" 'ஒளிவினை என்றால் என்ன?' என்று கேட்டால் வரையறையை மனப்பாடம் செய்வதில்தான் போய் முடியும்.

படி 3: அந்த ஒரு பகுதியை மட்டும் வாசியுங்கள். முதல் வாசிப்பில் அடிக்கோடு வேண்டாம். எது முக்கியம் என்று தெரியாத நிலையில் கோடு போட்டால் பக்கம் முழுக்க மஞ்சளாகிவிடும்.

படி 4: புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவிலிருப்பதை எழுதுங்கள். வேலையே இங்குதான். தடுமாறும், எரிச்சல் வரும். உடனே புத்தகத்தைத் திறந்துவிடாமல் ஒன்றிரண்டு நிமிடம் யோசியுங்கள். பிறகு ஒப்பிட்டு, விட்டதையும் தப்பானதையும் சிவப்பு மையில் திருத்துங்கள். உதாரணமாக, ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதாகப் பலர் எழுதுவார்கள். அது நீர் மூலக்கூறு உடைவதால் வருவது. வெறுமனே வாசித்துக்கொண்டே போனால் இந்தத் தப்பு கடைசிவரை தென்படாது.

படி 5: மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளுக்குப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள். சிவப்பு மை விழுந்த இடங்களை முதலில் எடுங்கள். சரியாக வந்ததை மறுபடி வாசிக்க வேண்டாம்.

கணக்குப் பாடத்துக்குச் சின்ன மாற்றம். எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையைத் தாளால் மறைத்து, நீங்கள் ஒரு வரி போட்டபின் புத்தகத்தின் ஒரு வரியைத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று பாடம் முடிந்ததும் கணக்குகளைக் கலந்து போடுங்கள். ஒரே பயிற்சியில் வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்பதை அந்தத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும். தேர்வுத்தாளில் அதை நீங்களேதான் கண்டுபிடித்தாக வேண்டும்.