ஒரே லொகின் போதும்: சின்ன கொம்பனிச் செயலிக்கு எஸ்எஸ்ஓ போடுவது எப்படி

கொழும்பில் ஒரு நடுத்தரக் கொம்பனிக்குள் போய்ப் பாருங்கள். லீவு போட ஒரு செயலி, சம்பளச் சீட்டுப் பார்க்க இன்னொன்று, ஸ்டொக் பார்க்க வேறொன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட், அதில் பாதி மொனிட்டரில் ஒட்டிய மஞ்சள் துண்டில் எல்லோரும் வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் அதே ஆட்கள் காலையில் வந்ததும் கூகுளிலோ மைக்ரோசொஃப்டிலோ ஏற்கனவே ஒருதரம் லொகின் செய்துவிட்டுத்தான் மெயில் பார்க்கிறார்கள். அந்த லொகினையே மற்றச் செயலிகளும் ஏற்றுக்கொண்டால் அதுதான் எஸ்எஸ்ஓ, அதாவது சிங்கிள் சைன்-ஒன்.

நீங்களே எழுதிய, அல்லது யாரோ எழுதிவிட்டுப் போய் இப்போது உங்கள் தலையில் விழுந்திருக்கிற ஒரு வெப் செயலி, முப்பதில் இருந்து இருநூறு பேர், கூகுள் வேர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசொஃப்ட் 365 மெயில். இதை வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டனை அழுத்தினால் லொகின் ஆகிற மாதிரிச் செய்வது அரை நாள் வேலை. நாட்களைத் தின்பது வேறு இரண்டு கேள்விகள். வந்திருப்பவர் உங்கள் டேட்டாபேஸில் யார்? அவர் வேலையை விட்டுப் போனால் என்ன நடக்கும்? ஆகவே அவற்றுக்கு நேரத்தை மிச்சம் வையுங்கள்.

யார் அடையாளம் சொல்வது

கோட்டையில் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போனால் கீழே ரிசெப்ஷனில் அடையாள அட்டையைக் காட்டி விசிட்டர் பாஸ் எடுப்போம், மேலே இருக்கிற ஒஃபிஸ்காரர் பாஸை மட்டும்தான் பார்ப்பார். எஸ்எஸ்ஓவில் அந்த ரிசெப்ஷனுக்கு ஐடென்டிட்டி புரொவைடர் என்று பெயர், உங்கள் செயலி மேல்மாடி ஒஃபிஸ். உள்ளே எந்த அறைக்குப் போகலாம் என்பதை ரிசெப்ஷன் சொல்லாது, அது உங்கள் பாடு.

கொம்பனி மெயில் கூகுளிலோ மைக்ரோசொஃப்டிலோ இருந்தால் உங்களிடம் ஏற்கனவே ஒரு புரொவைடர் இருக்கிறது, அதையே பாவியுங்கள். நீங்களே சேர்வரில் போட்டு நடத்துகிற புரொவைடர்களும் உண்டு. கீக்ளோக் நல்ல சாமான்தான், இலவசம், திறந்த மூலம். நம்மூரிலேயே வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 கொம்பனியின் ஐடென்டிட்டி சேர்வரும் அப்படித்தான், 2005 இல் தொடங்கிய கொம்பனி, கிளௌடில் வேண்டுமென்றால் அவர்களுடைய அஸ்கார்டியோ இருக்கிறது. வெளி வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் வரப்போகிறார்கள், அல்லது பல செயலிகளுக்கு உரிமைகளை ஓரிடத்தில் வைத்து ஆளவேண்டும் என்றால் இவற்றைப் பாருங்கள். முப்பது பேருக்காக ஒஃபிஸ் மூலையில் இருக்கிற சேர்வரில் கீக்ளோக் போடாதீர்கள். 2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியது ஞாபகம் இருக்கும்தானே, அப்படியொரு நாளில் அந்த ஒரு மெஷின் படுத்தால் எல்லாச் செயலியின் கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். போட்டே ஆகவேண்டும் என்றால், டபிள்யூஎஸ்ஓ2 ஐடென்டிட்டி சேர்வர் ‘அட்மின்’ என்ற பெயரோடும் அதே ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டோடும்தான் வரும், அதன் 9443 போர்ட்டை வெளியே திறக்குமுன் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

புரொவைடரும் செயலியும் பேசிக்கொள்கிற முறை சாமலா ஓபன்ஐடி கனெக்டா என்று அதிகம் யோசிக்க வேண்டாம். சாமல் 2.0 வந்தது 2005 இல், எக்ஸ்எம்எல் கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு வங்கியோ பெரிய வாடிக்கையாளரோ அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் செய்யுங்கள். மற்றப்படி புதுச் செயலிக்கு 2014 இல் இறுதியான ஓபன்ஐடி கனெக்ட், அதில் ஓதரைசேஷன் கோட் முறை (பிரௌசர் வழியாக ஒரு கோட் மட்டும் வரும், அதைச் செயலி புரொவைடரிடம் கொடுத்து டோக்கனை, அதாவது வந்தவர் யார் என்று புரொவைடர் கையெழுத்திட்டுத் தருகிற பாஸை, வாங்கும்), கூடவே அந்தக் கோட் திருடுபோனாலும் வேறொருவர் பாவிக்காமல் தடுக்கிற பிகேசிஈ. பழைய வழிகாட்டிகளில் இம்ப்ளிசிட் முறை என்று ஒன்று இருக்கும், டோக்கனை நேரே பிரௌசர் முகவரியில் கொண்டுவந்து கொட்டுகிற வேலை, அதைத் தொடவே வேண்டாம்.

புரொவைடரில் பதிவு செய்வது

கூகுள் என்றால் கிளௌட் கொன்சோலில் ஒரு புரொஜெக்ட் திறவுங்கள். அதைக் கொம்பனிக் கணக்கில் இருந்து திறக்க வேண்டும், உங்கள் சொந்த ஜிமெயிலில் இருந்து அல்ல. கன்சென்ட் திரையில் ‘இன்டேர்னல்’ என்ற தெரிவு கொம்பனி அமைப்புக்குள் இருக்கிற புரொஜெக்டுக்குத்தான் கிடைக்கும், அதைத் தெரிவுசெய்தால் வெளி ஜிமெயில்காரர் வாசலிலேயே நின்றுவிடுவார். பிறகு வெப் அப்ளிகேஷன் வகையில் ஓஆத் கிளையன்ட் ஒன்று, அதாவது உங்கள் செயலிக்கான பதிவு, உருவாக்கினால் கிளையன்ட் ஐடியும் சீக்ரெட்டும் வரும், செயலியின் பெயரும் பாஸ்வேர்டும் மாதிரி.

மைக்ரோசொஃப்ட் என்றால் என்ட்ரா ஐடி, 2023 வரை அஷூர் ஆக்டிவ் டைரக்டரி என்று இருந்தது, பழைய வீடியோக்களில் அந்தப் பெயர்தான் வரும், குழம்பாதீர்கள். அப் ரெஜிஸ்ட்ரேஷனில் சிங்கிள் டெனன்ட் (உங்கள் கொம்பனியின் மைக்ரோசொஃப்ட் அமைப்பு மட்டும்) என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சீக்ரெட் உருவாக்கியதும் இரண்டு நீளமான எழுத்துக்கோவைகள் காட்டும், உங்களுக்கு வேண்டியது ‘வேல்யூ’ என்றிருப்பது, சீக்ரெட் ஐடி அல்ல. அந்த வேல்யூவை ஒருதரம்தான் காட்டும், பக்கத்தை மூடினால் போய்விட்டது. எல்லா ஊழியருக்கும் இந்தச் செயலி தேவையில்லை என்றால் என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ் பக்கத்தில் ‘அசைன்மென்ட் ரிக்வயர்ட்’ என்பதை ஆம் என்று வைத்து ஆட்களைச் சேருங்கள்.

இரண்டிலும் தலையிடி தருவது ரீடைரக்ட் யூஆர்எல், லொகின் முடிந்ததும் புரொவைடர் ஆளைத் திருப்பி அனுப்புகிற உங்கள் செயலியின் முகவரி. பதிவுசெய்ததும் செயலி அனுப்புவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் பிழை, எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்று மாறினாலும் பிழை. லோக்கல்ஹோஸ்டுக்கு ஒன்று, டெஸ்டுக்கு ஒன்று, உண்மையான சேர்வருக்கு ஒன்று என்று கிளையன்டையே தனித்தனியாக உருவாக்குங்கள். ஒரே கிளையன்டில் எல்லாவற்றையும் போட்டால் டெவலப்பரின் லப்டொப்பில் இருக்கிற சீக்ரெட்தான் உண்மையான சேர்வரின் சீக்ரெட்டும்.

ஸ்கோப், அதாவது என்னென்ன விபரம் வேண்டும் என்று, புரொவைடரிடம் கேட்கும்போது ஓபன்ஐடி, ஈமெயில், புரொஃபைல் மூன்றும் போதும். லீவுச் செயலிக்கு யாருடைய கலண்டரும் தொடர்பு விபரமும் தேவையில்லை, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் சேர்க்காதே என்றுதான் சொல்கிறது.

செயலிப் பக்கம்

டோக்கனைச் சரிபார்க்கிற புரோகிராம் கோடை நீங்களே எழுத வேண்டாம். ஜாவாவுக்கு ஸ்பிரிங் செக்யூரிட்டி, பைத்தனுக்கு ஓத்லிப், நோட் ஜேஎஸ்ஸுக்கு ஓபன்ஐடி-கிளையன்ட், டொட்நெட்டில் கூடவே வருகிறது. லைப்ரரிக்குப் புரொவைடரின் இஷ்யூவர் (டோக்கனை வெளியிடுபவர்) முகவரியைக் கொடுத்தால் மிச்ச முகவரிகளையும் கையெழுத்துச் சாவிகளையும் அதுவே புரொவைடர் வெளியிடுகிற டிஸ்கவரி ஆவணத்தில் இருந்து எடுத்துக்கொள்ளும். சாவியைக் கொப்பி பண்ணிக் கோடுக்குள் ஒட்டாதீர்கள், புரொவைடர் சாவியை அவ்வப்போது மாற்றும், மாற்றுகிற அன்று உங்கள் செயலி நிற்கும்.

லைப்ரரி செய்தாலும் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐடி டோக்கனின் கையெழுத்து சரியா, இஷ்யூவர் நாம் எதிர்பார்த்தவரா, ஓடியன்ஸ் (டோக்கன் யாருக்கு என்பது) நம் கிளையன்ட் ஐடியா, காலம் முடிந்துவிட்டதா, நொன்ஸ் (லொகின் கோரிக்கையோடு போகிற ஒருமுறை எழுத்துக்கோவை) நாம் அனுப்பியதுதானா. கூகுளில் இன்னொன்று சேர்த்துப் பாருங்கள்: லொகின் கோரிக்கையில் எச்டி என்று கொம்பனி டொமைனைக் கொடுத்தால் அது திரையில் கணக்குகளை வடிகட்டிக் காட்ட மட்டும்தான், யாரும் அதை முகவரியில் இருந்து அழித்துவிடலாம். திரும்பி வருகிற டோக்கனுக்குள் இருக்கிற எச்டி உங்கள் டொமைன்தானா என்று சேர்வரில் பார்க்க வேண்டும்.

டோக்கன் சரி என்றால் உங்கள் சொந்த செஷனை (இவர் உள்ளே இருக்கிறார் என்று செயலி வைக்கிற பதிவு) தொடங்குங்கள், எச்டிடிபி-ஒன்லி, செக்யூர் இரண்டும் போட்ட குக்கியில். டோக்கன்களை பிரௌசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைக்க வேண்டாம்.

லப்டொப்பில் வேலைசெய்து, சேர்வரில் போட்டதும் உடைந்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் நிற்கிறது, எச்டிடிபிஎஸ் அதோடு முடிந்து செயலிக்கு வெறும் எச்டிடிபியாகப் போகிறது, செயலி அதை நம்பி எச்டிடிபி ரீடைரக்ட் முகவரியை அனுப்புகிறது, புரொவைடர் பொருந்தவில்லை என்கிறது. என்ஜின்எக்ஸ், ஆள் வந்தது எச்டிடிபிஎஸ்ஸில்தான் என்று சொல்கிற எக்ஸ்-ஃபோர்வர்டட்-புரோட்டோ ஹெடரை அனுப்ப வேண்டும், செயலி அதை நம்ப வேண்டும், இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். அடுத்தது குக்கி: பதிலை ஃபோர்ம் போஸ்டாக வாங்குகிற லைப்ரரிகளில் சேம்சைட் லக்ஸ் என்றிருக்கிற குக்கி அந்தப் பதிலோடு சேர்ந்து வராது, ஸ்டேட் (லொகினைத் தொடங்கும்போது குக்கியில் வைத்த குறி) காணவில்லை என்று பிழை வரும். மூன்றாவது நேரம். டோக்கனுக்குள் இருப்பது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். யாராவது சேர்வர் மணிக்கூட்டைக் கையால் கொழும்பு நேரத்துக்கு மாற்றிவிட்டு ஸோனை யூடிசியிலேயே விட்டிருந்தால், சேர்வர் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடும், இப்போதுதான் பிறந்த டோக்கன் காலாவதி என்று திரும்பும். நேரத்தை, மணிக்கூட்டை நெட்வேர்க் வழியாகத் தானே சரிசெய்கிற என்டிபியிடம் விட்டுவிடுங்கள்.

வந்தவர் யார்?

இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லோருக்கும் கை போவது ஈமெயிலுக்கு: டோக்கனில் வந்த ஈமெயிலும் யூசர் டேபிளில் இருக்கிற ஈமெயிலும் ஒன்றென்றால் உள்ளே விடு. முதல் நாள் நன்றாக வேலைசெய்யும். பிறகு ஒருவர் கல்யாணம் முடித்துப் பெயர் மாற்றுவார், ஈமெயிலும் மாறும், அவருடைய லீவுக் கணக்கு அநாதையாகும். இன்னொருவர் விலகிப் போவார், அதே பெயரில் புதிதாக வந்தவருக்கு ஐடிக்காரர் பழைய முகவரியையே கொடுப்பார், புதியவர் பழையவரின் சம்பளச் சீட்டைப் பார்ப்பார். இது போதாதென்று 2023 இல் நோ-ஓஆத் என்ற பெயரில் ஒரு பிரச்சினை வெளிவந்தது: தன் சொந்த மைக்ரோசொஃப்ட் டெனன்டில் ஒருவர் தன் ஈமெயில் புலத்தில் உங்கள் முதலாளியின் முகவரியை எழுதிவிட்டு, எல்லா டெனன்டையும் ஏற்கிற, ஈமெயிலை மட்டும் பார்க்கிற செயலிக்குள் முதலாளியாகவே நுழையலாம்.

ஆகவே ஆளை அடையாளம் காண இஷ்யூவரும், புரொவைடர் ஆளுக்குக் கொடுக்கிற அடையாளமான சப் என்ற புலமும் சேர்ந்த சோடியைப் பாவியுங்கள். சப் மாறாது, வேறொருவருக்குப் போகாது. மைக்ரோசொஃப்டில் சப் ஒவ்வொரு செயலிக்கும் வேறாக இருக்கும், பல செயலிகளில் ஒரே ஆள் என்று தெரியவேண்டுமானால் டிஐடியும் (டெனன்டின் அடையாளம்) ஓஐடியும் (அதற்குள் ஆளின் அடையாளம்) எடுங்கள். யூசர் டேபிளிலேயே கொலம் சேர்ப்பதைவிடத் தனி டேபிள் நல்லது, நாளைக்குக் கொம்பனி கூகுளை விட்டு மைக்ரோசொஃப்டுக்கு மாறினால் ஒரே ஆளுக்கு இரண்டு வரி இருக்கலாம்.

ஏற்கனவே இருக்கிற பழைய ஆட்களை இணைக்க ஈமெயிலை ஒரே ஒரு தடவை பாவிக்கலாம், அது உங்கள் டெனன்டில் இருந்துதான் வந்தது என்று உறுதிசெய்து, ஆங்கில எழுத்தை எல்லாம் சிறிய எழுத்தாக்கி ஒப்பிட்டு. இணைத்ததும் சப்பை எழுதிவிட்டு அதற்குப் பிறகு ஈமெயிலைத் தொடர்பு முகவரியாக மட்டும் வையுங்கள். பெயரை வைத்து இணைக்க நினைக்கவே வேண்டாம், நம் பெயர்களை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிற ஆட்கள் நாம்.

பெயர் என்றதும் இன்னொன்று. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு புலம் வரும், அதில் நம் ஆட்களில் ஒருவருக்கு அப்பா பெயர் முன்னால் இருக்கும், ஒருவருக்கு வெறும் இனிஷியல், ஒருவருக்கு ஒன்று காலியாகவே இருக்கும். காலியென்றால் பிழை சொல்கிற செயலி கொழும்பில் ஒரு வாரம் தாங்காது. முழுப்பெயர் புலத்தைக் காட்டுங்கள், அது போதும்.

அப்புறம் பொதுக் கணக்குகள். எக்கவுண்ட்ஸ் பிரிவில் மூன்று பேர் ஒரே மெயிலில் இருப்பார்கள், பாஸ்வேர்ட் எல்லோருக்கும் தெரியும். எஸ்எஸ்ஓ போட்டால் உங்கள் செயலிக்கு அந்த மூவரும் ஒரே ஆள், யார் எதை அப்ரூவ் பண்ணினார் என்று பிறகு கேட்டால் பதில் இருக்காது. இதைக் கோடில் தீர்க்க முடியாது. முதலே எச்ஆரிடம் பேசித் தனித்தனிக் கணக்கு எடுக்க வையுங்கள், லைசன்ஸுக்குக் காசு என்று முணுமுணுப்பார்கள், அப்ரூவல் இருக்கிற செயலிக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

லொக்அவுட்டும் விலகிப் போனவரும்

லொக்அவுட் பட்டன் உங்கள் செஷனை மட்டும் அழித்தால், பக்கத்து ஆள் அதே கொம்பியூட்டரில் லொகினை அழுத்தியதும் முந்தியவராகவே உள்ளே போவார். மைக்ரோசொஃப்ட், கீக்ளோக், டபிள்யூஎஸ்ஓ2 மூன்றிலும் புரொவைடர் பக்க லொகினையும் முடிக்கிற எண்ட் செஷன் முகவரி இருக்கிறது, உங்கள் செஷனை அழித்தபின் அங்கே அனுப்புங்கள். கூகுளின் டிஸ்கவரி ஆவணத்தில் அது இல்லை. புறக்கோட்டைக் கடை கவுண்டர் மாதிரி ஒரே மெஷினில் பலர் மாறி மாறி இருக்கிற இடமென்றால் கூகுளோடு கணக்குத் தெரிவுத் திரையைக் கட்டாயம் காட்டச் சொல்லிக் கோரிக்கையில் கேளுங்கள், ஆட்களுக்குத் தனித்தனி பிரௌசர் புரொஃபைலும் கொடுங்கள்.

விலகியவரின் மெயிலை மூடினால் அவர் புதிதாக லொகின் செய்ய முடியாது, சரி. ஆனால் ஏற்கனவே திறந்திருக்கிற உங்கள் செஷன் அதை அறியாது. முப்பது நாள் குக்கி கொடுத்திருந்தால் முப்பது நாளும் அவர் உள்ளேதான். செஷனை ஒரு வேலைநாள் அளவுக்குக் குறையுங்கள், எட்டு மணித்தியாலம் போதும், புரொவைடரில் லொகின் இருக்கிறவருக்கு மறுபடி பாஸ்வேர்ட் அடிக்க வேண்டி வராது. அட்மின் திரையில் ‘இவரின் எல்லாச் செஷனையும் முடி’ என்று ஒரு பட்டன் கட்டாயம். ஆளின் லொகின் முடிந்ததைப் புரொவைடரே செயலிக்கு அறிவிக்கிற பேக்-சனல் லொக்அவுட் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் புரொவைடர் உங்கள் சேர்வருக்கு நேரே பேசவேண்டும், ஒஃபிஸ் நெட்வேர்க்குக்குள் மட்டும் இருக்கிற செயலியைக் கிளௌட் புரொவைடரால் எட்ட முடியாது.

மாற்றும்போது முதலில் ஒரு பிரிவு, பிறகு மற்றவை. பழைய பாஸ்வேர்ட் பெட்டியைக் கொஞ்சநாள் விட்டுவைத்து, எல்லோரும் இணைந்தபின் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் மெயில் மூடப்பட்டவர் அந்தப் பழைய கதவால் வருவார். ஒரே ஒரு உள்ளூர் அட்மின் கணக்கை மட்டும் வையுங்கள், நீளமான பாஸ்வேர்ட், ஒஃபிஸ் ஐபியில் இருந்து மட்டும், பாவித்தால் இரண்டு பேருக்கு மெயில் போகிற மாதிரி. புரொவைடர் படுத்தாலோ யாராவது கிளையன்டைத் தவறி அழித்தாலோ உள்ளே போக அதுதான் வழி. என்ட்ரா போர்ட்டலில் உருவாக்கிய சீக்ரெட் அதிகபட்சம் 24 மாதத்தில் செத்துவிடும், முடிகிற திகதிக்கு ஒரு மாதம் முன்னரே ஞாபகப்படுத்தும்படி ஐடி பிரிவின் பொதுக் கலண்டரில் போடுங்கள், உங்கள் சொந்தக் கலண்டரில் அல்ல, அன்றைக்கு நீங்கள் வேறு கொம்பனியில் இருக்கலாம்.