சுங்கை சிப்புட்டிலிருந்து கூலிமில் வாடகை வீடு

மலேசியாவின் பேராக்கில் இருந்துகொண்டு, வாடகைக்கு விட வெளிமாநிலத்தில் முதல் வீடு தேடியபோது எந்த ஊருக்குக் கணக்குப் போட்டாலும் லாபம்தான் வந்தது, அதுதான் சிக்கல். ஜொகூர் பாரு ஏஜென்ட் சொன்னது விளம்பரத்தில் கேட்கும் வாடகை, கையில் கிடைப்பது வேறு. அப்புறம் அரசின் சொத்துத் தகவல் மையமான நாப்பிக்கின் அறிக்கையில், கட்டி முடித்தும் விற்காத வீடுகளை மாநில வாரியாகப் பார்த்ததும் ஜொகூர் அடுக்குமாடிகளை விட்டுவிட்டேன்.

மிச்சம் கெடாவின் கூலிம். 1996இல் திறந்த உயர் தொழில்நுட்பப் பூங்கா, ஆலை வேலைக்கு வருகிறவர்கள், தரை வீடுகள். மலிவாக வந்த ஒரு வீட்டின் பட்டாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று சின்னதாக ஒரு வரி. மலாய்க்காரர் அல்லாத நம்மால் வாங்கவே முடியாது. கடைசியில் ஆலை ஊழியர் பஸ் எந்தத் தாமானில் (குடியிருப்பில்) நிறையப் பேரை ஏற்றுகிறது என்று விடியற்காலையில் நின்று பார்த்து, அங்கேயே வாங்கினேன். இப்போது வாடகையில் வங்கித் தவணையும் நில வரியும் கழிகின்றன, நிம்மதி.