கார்லிக் பிரஸ் வாங்கும்போது விடுகிற பிழைகள்

உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு, நசுக்குகிற கைக்கருவிதான் கார்லிக் பிரஸ். என் கையில் இதுவரை மூன்று உடைந்திருக்கிறது. மூன்றாவது உடைந்த அன்று வீட்டில் பன்னிரண்டு பேருக்குப் பிரியாணி. உள்ளி உரித்தாயிற்று, ஐந்தாறு பல் நசுக்கியும் ஆயிற்று. அடுத்த அழுத்தில் 'டக்' என்று மேல்பிடி கையோடு வந்துவிட்டது. இரண்டு பிடியும் சேருகிற ஆணிக்குப் பக்கத்தில்தான் முறிவு. முறிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கற்கண்டு உடைந்தது போலச் சாம்பல் நிறத்தில் குருணை குருணையாக இருந்தது. வெளியே முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பு, உள்ளே இது.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், தொடர்மாடியின் நான்காம் மாடியில். உரலில் உள்ளி தட்டினால் கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்துவிடுவார். அம்மி ஊரிலேயே நின்றுவிட்டது. கிரைண்டரில் நாலு பல் போட்டால் அது சுவரில் அப்பிக்கொள்ளும், பிளேட் சும்மா சுற்றும். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். கத்தி பிடித்துப் பொடியாக அரிய இயலாது. ஆகவே எங்கள் குசினியில் இந்தச் சின்னச் சாமான் ஆடம்பரம் இல்லை. மூன்று முறை காசைக் கொட்டிய பிறகுதான் நான் எதைப் பார்த்து வாங்கினேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

முதலாவது, கனத்தைப் பார்த்து மயங்கியது. கையில் எடுத்ததும் பாரமாக இருந்தால் 'இது உழைக்கும்' என்று மனம் சொல்லிவிடும். குரோம் பூசிய மலிவான பிரஸ்களில் பல, துத்தநாகக் கலப்பு உலோகத்தை அச்சில் ஊற்றி வார்த்தவை. அலுமினியம் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம். துத்தநாகக் கலவை 6.6 கிராம் அளவில் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 8 கிராமுக்குக் கிட்ட. பிந்திய இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடையில் நின்றபடி எந்தக் கையாலும் சொல்ல முடியாது. ஆனால் கட்டாயப்படுத்தி அழுத்தும்போது ஸ்டீல் முதலில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மெல்லிசாக வார்த்த துத்தநாகம் முன்னறிவிப்பு எதுவும் தராமல் முறியும், என் பிரியாணி நாளில் முறிந்தது போல.

இரண்டாவது, காந்தம். புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு கடைக்காரத் தம்பி லாச்சியைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்தார். "வச்சுப் பாருங்க மிஸ், ஒட்டாது. அசல் ஸ்டீல்." வைத்தேன், ஒட்டவில்லை, வாங்கினேன். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 304 என்ற வகை ஸ்டீலில், அதாவது 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கலந்ததில், காந்தம் ஒட்டாது என்பது சரி. துத்தநாகத்திலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, நிக்கல் இல்லாத 430 வகையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், அதில் நன்றாகவே ஒட்டும். ஆக, பிரஸ்ஸின் உடம்பில் காந்தத்தை வைத்து ஒன்றும் அறிய முடியாது.

காந்தத்தை வைக்க வேண்டிய இடம் ஆணி. உடம்பில் ஒட்டாத காந்தம் ஆணியில் மட்டும் பலமாகப் பிடித்தால், ஆணி வேறு உலோகம். பெரும்பாலும் சாதாரண இரும்பாக இருக்கும். காலி வீதிக்குக் கடல் பக்கமாகக் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கொளுக்கி, பல்கனிக் கம்பி, சைக்கிள் சங்கிலி எல்லாவற்றையும் உப்புக் காற்றுத் தின்கிறது. இரண்டாவதாக வாங்கிய பிரஸ்ஸின் உடம்பு கடைசி வரை பளபளத்தது. ஆணியைச் சுற்றி மட்டும் முதலில் ஒரு செம்மண் நிற வளையம் வந்தது, பிறகு திறக்கும்போது கிரீச் சத்தம், பிறகு ஆட்டம். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் தாங்கியது.

வார்த்த சாமானா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. பிடியைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். அச்சு இரண்டும் பொருந்திய இடத்தில் மெல்லிய கோடு ஓடும். மூலைகளில் பூச்சு சரியாக ஏறாமல் மங்கலாக இருக்கும், சிலவற்றில் பொட்டுப் பொட்டாகக் கொப்புளமும் தெரியும். கொப்புளம் கண்டால் பேரம் பேச வேண்டாம், வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பூச்சு என்றைக்கோ உரிந்து சம்பலுக்குள்தான் விழும். கறுப்பு, சிவப்பு என்று நிறம் பூசி வருகிறவையும் இப்படித்தான். உள்ளி போடுகிற குழியின் விளிம்பில் உலோகம் உலோகத்தோடு உரசுகிற இடத்தில் நிறம் முதலில் போகும்.

இனி, நான் கடையில் ஒருநாளும் பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு காலம் இடியப்பம் பிழிந்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நல்ல இடியப்ப உரலை எப்படிப் பார்த்து எடுப்போம்? மேல்கட்டை குழிக்குள் ஆடாமல், இடைவெளி இல்லாமல் இறங்குகிறதா என்று பார்ப்போம். இடைவெளி இருந்தால் பிழியும்போது மா கீழே வராது, ஓரத்தால் மேலே ஏறும். கார்லிக் பிரஸ்ஸும் அதே சாமான்தான், கொஞ்சம் சின்னது. அழுத்துகிற தலைக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலே உள்ளி அந்த வழியைத்தான் தேடும். பாதி அடித்தட்டின் துளைகளான கண்ணறைகளால் வரும், மீதி தலைக்கு மேலே தகடாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டி மறுபடி உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். உள்ளி வரவில்லையே என்று நாம் இன்னும் பலமாக அமுக்குவோம், அந்தப் பலம் முழுக்க ஆணியில் போய் விழும். உடைவதற்கு அதுதான் தொடக்கம்.

பார்க்கிற விதம் சுலபம். பிரஸ்ஸை முழுதாக மூடி, கடையின் லைட்டுக்கு நேரே பிடித்துக் குழியைப் பாருங்கள். தலையைச் சுற்றி ஒளி தெரியக்கூடாது, தெரிந்தாலும் நாலு பக்கமும் ஒரே அளவு மயிரிழையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் தொட்டுக்கொண்டும் இருந்தால் ஆணி கோணலாக அடித்திருக்கிறார்கள். பிறகு இரண்டு பிடியையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுவது ஆறு மாதத்தில் கழன்று வரும். தலை குழியின் அடிவரை போகிறதா என்றும் கவனியுங்கள். அடியில் விரல்கடை இடம் மிச்சம் விடுகிற பிரஸ் ஒவ்வொரு முறையும் கால்வாசி உள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் நான் கைப்பையில் இரண்டு உள்ளிப் பல்லோடுதான் போகிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஒரு கடையில் முதலாளியே "போட்டுப் பாருங்க அக்கா, எனக்கும் தெரிஞ்சுக்கலாம்" என்று ஒரு பேப்பரை விரித்துத் தந்தார். அவர் காட்டிய நாலில் மூன்று தோற்றன.

அம்மாவின் கையை முன்வைத்துப் பார்த்தபோது வேறு கணக்கும் புரிந்தது. பிரஸ் என்பது பாக்குவெட்டிக்குத் தம்பி: ஒரு முனையில் ஆணி, நடுவில் வெட்டுப்படும் பொருள், மறுமுனையில் கை. ஆணியிலிருந்து குழி 3 சென்ரிமீற்றரில் இருந்து, கையை 15 சென்ரிமீற்றரில் பிடித்தால் நம் பலம் 5 மடங்காகும். அதே குழி, பிடியை 9 சென்ரிமீற்றரில்தான் பிடிக்க முடியும் என்றால் 3 மடங்கு. லாச்சிக்குள் வைக்கச் சுகம் என்று குட்டிப் பிரஸ் வாங்கினால் இந்த வித்தியாசத்தைத் தினமும் மணிக்கட்டுத்தான் கட்ட வேண்டும்.

பெரிய குழியும் ஒரு பொறி. நாலு பல் ஒரேயடியாகப் போடலாம் என்று விற்பார்கள். குழியின் பரப்பளவு இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு பலம் தேவை. இளவட்டக் கைக்குப் பரவாயில்லை. வாதம் உள்ள கைக்கு ஒன்றிரண்டு பல் பிடிக்கிற குழியே உத்தமம். இங்கே நாம் வாங்குவதில் பெரும்பகுதி சீன உள்ளி, பல் பெரிதாக இருக்கும். அதில் ஒன்று முழுதாக உட்கார்ந்தால் போதும், சின்னப் பல் என்றால் மூன்று போடலாம். பல்லை உள்ளே வைத்த நிலையில் பிடிகள் எவ்வளவு விரிந்து நிற்கின்றன என்பதையும் பாருங்கள். அம்மாவின் விரல்கள் அந்த அகலத்துக்கு எட்டாததால் ஒரு நல்ல பிரஸ்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. கடையில் என் கையால் பார்த்து வாங்கியது என் பிழை. யார் நசுக்கப் போகிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இணையத்தில் படம் பார்த்து வாங்குவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேலே சொன்ன எதையும் படத்தில் பார்க்க முடியாது. திருப்பி எடுப்பார்களா என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

கழுவுவதை யோசிக்காமல் வாங்குவதுதான் பிரஸ்ஸை லாச்சியின் அடிக்கு அனுப்புகிறது. கண்ணறைத் தட்டு வெளியே சுழன்று வருகிற மாதிரி இருந்தால் தண்ணீரைப் பின்பக்கமாக விட்டாலே சக்கை விழுந்துவிடும். முழுதாகக் கழற்றக்கூடிய தட்டு நல்லதுதான், ஆனால் எங்கள் வீட்டில் அது சக்கையோடு சேர்ந்து குப்பை வாளிக்குப் போனது. துளைகளைக் குத்தி எடுக்கவென்று பிளாஸ்டிக் முட்கள் வைத்து வருகிறவற்றில் முட்கள் ஒவ்வொன்றாக உடையும். அதற்கு நம்மிடம் ஈர்க்கு இருக்கிறது. பச்சைத் தென்னோலையிலிருந்து ஒன்று கிழித்துக் கழுவி வைத்தால் இரண்டு மில்லிமீற்றர் துளைக்கு அளவெடுத்த மாதிரிப் போகும். எல்லாவற்றையும் விட முக்கியம், நசுக்கியவுடன் தண்ணீரில் போடுவது. காய்ந்த உள்ளிச் சாறு பசை மாதிரிப் பிடித்துவிடும்.

இவ்வளவும் ஸ்டீலுக்காகப் பேசியது போலத் தோன்றலாம். உண்மையில் இப்போது எங்கள் குசினியில் இருப்பது அலுமினியம், தடித்து வார்த்தது. சுவிசிலிருந்து வந்த சித்தப்பா சொக்கிளேற்றோடு கொண்டுவந்து தந்த ஸைலிஸ் கம்பனிப் பிரஸ். அந்தக் கம்பனியைத் தொடங்கிய கார்ல் ஸிஸெட் ஒரு சைக்கிள் திருத்துநர். தன் பெயரையும் பேர்ண் மாநிலத்திலுள்ள லிஸ் என்ற தன் ஊரின் பெயரையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற மாநிலம்தான் அது. அலுமினியம் மெல்லிசாக இருந்தால் வளையும், இது கைவிரல் தடிப்பு. தலை குழிக்குள் ஒளி விடாமல் இறங்குகிறது. ஆணி ஆடவில்லை. சீராட்ட வேண்டியது இரண்டே விஷயம்: சோடா கலந்த தூளிலும் டிஷ்வோஷரிலும் போடக்கூடாது, கறுத்துவிடும். தேசிக்காய், புளி பட்டால் அப்படியே விடாமல் உடனே கழுவ வேண்டும்.

வாங்கிய பிறகு விடுகிற பிழையில் ஒன்றை மட்டும் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் பழி பிரஸ் மேல் விழுகிறது. "பிரஸ்ஸில் நசுக்கினால் கைக்கிறது" என்று என் மச்சாள் அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டார். நசுக்கிய உள்ளி அரிந்த உள்ளியை விடப் பொடி, சாறும் வெளியே நிற்கும். பருப்புக்குத் தாளிக்கையில் கொதித்த எண்ணெயில் முதலில் அதைப் போட்டால் கண் இமைப்பதற்குள் கருகும். வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வதங்கிய பிறகு கடைசியில் போட்டு ஒரு கிளறு, அவ்வளவுதான். காரமும் கூடும். அல்லிசின் என்ற அந்தக் கார மணச் சரக்கு முழுப் பல்லில் இல்லை, கலங்கள் உடைந்து உள்ளேயிருக்கும் நொதி பல்லிலுள்ள இன்னொரு சரக்கோடு கலக்கும்போதுதான் பிறக்கிறது. கூட உடைத்தால் கூடப் பிறக்கும். அரிந்து மூன்று பல் போடுகிற இடத்தில் நசுக்கினால் இரண்டு போதும்.

ஞாயிறு முழுவதும் நசுக்கி, எண்ணெய் விட்டுப் போத்தலில் அடைத்து, அடுப்படியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், கொழும்பு வெக்கையில், பொட்டுலிசம் என்ற கடும் நஞ்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். மணத்திலோ நிறத்திலோ தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள், அல்லது ஐஸ் தட்டில் உறைய வையுங்கள்.

இஞ்சியைப் பிரஸ்ஸில் போடாதீர்கள். நார் துளைகளை அடைத்து, அடுத்த அழுத்து நேரே ஆணிக்குப் போகும். ரசத்துக்கும் இது சரிவராது. அதற்கு உள்ளி தோலோடு ஒரு தட்டுத் தட்டிப் போடுவதுதான் மணம். அம்மா அதைச் செம்பின் அடியால் தட்டுகிறார், கீழே ஒரு துணியை நாலாக மடித்து வைத்து, அன்ரிக்குக் கேட்காமல்.