ஒரு வேர், இரண்டு தண்டு: வேலூர் வெயிலில் புளியை இரட்டைத் தண்டுப் போன்சாயாக வளர்ப்பது

போன்சாய் ஆசை வந்தவுடன் ஜூனிப்பர், பைன் என்று குளிர்தேசத்து மரங்களை வாங்கி வந்து வேலூர் மொட்டை மாடியில் வைப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சித்திரை முடிவதற்குள் அவை சருகாகிவிடும். நமக்குப் புளி இருக்கும்போது இந்த வேதனை எதற்கு? பழைய வடஆற்காட்டில் சாலை விரிவாக்கத்துக்குத் தப்பி நிற்கும் புளியமரங்களைப் பார்த்தாலே தெரியும், இந்த மண்ணும் வெயிலும் அதற்கு எவ்வளவு ஒத்துவருகின்றன என்று. இலை இயல்பிலேயே சிறியது. பட்டை இளம் வயதிலேயே வெடித்து முதுமை காட்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே தவறாமல் துளிர்க்கும்.

ஒரே வேரிலிருந்து இரண்டு தண்டு எழும் வடிவத்தை ஜப்பானியர் 'சோக்கன்' என்பார்கள். தண்டுகள் மண்ணை ஒட்டியே பிரிய வேண்டும். ஒன்று பெரியது, அதை மூத்தது என்போம்; மற்றது சிறியது, அது இளையது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. இலக்கணம் இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்து முடிக்க ஆறேழு ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டும் உங்கள் முக்கிய வேலை இளைய தண்டை அடக்கி வைப்பதுதான். ஒரு தண்டு எவ்வளவு இலை சுமக்கிறதோ அவ்வளவு பருக்கும். இளையதன் இலையைக் குறைக்காமல் விட்டால் இரண்டே ஆண்டில் மூத்ததைப் பிடித்துவிடும். பிறகு உங்களிடம் இருப்பது போன்சாய் அல்ல, கவட்டை.

முதல் படி: கன்றும் ஆணிவேரும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இதற்கும் பொருந்தும். புளியங்கொட்டையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். சாண் உயரம் வந்ததும் பிடுங்கி, ஆணிவேரின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு, பக்கவேர்களை நாலாபுறமும் விரித்து நடுங்கள். வேருக்கு அடியில் மண்ணுக்குள் ஓர் ஓட்டுச் சில்லை வைத்தால் வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடும். பின்னாளில் ஆழமில்லாத தொட்டிக்கு மாற்றும்போது இதன் அருமை தெரியும். நர்சரிக் கன்று வாங்கினாலும் வேருக்கு இதே வைத்தியம்தான். அடியிலேயே கிளை பிரிந்த கன்று கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். ஓராண்டு மிச்சம்.

இரண்டாம் படி: இரண்டாகப் பிரித்தல்

தண்டு பென்சில் கனம் வந்த பிறகு, மாசிக் கடைசியில், புதுத் தளிர் ஓடுவதற்கு முன், மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு வெட்டுங்கள். சில வாரங்களில் மூன்று நான்கு துளிர்கள் கிளம்பும். அவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் அந்த இடம் முடிச்சுப்போல் வீங்கிவிடும். பிறகு சரிசெய்ய முடியாது.

எந்த இரண்டு? நன்றாக ஓடும் ஒன்று, கொஞ்சம் மெலிந்த ஒன்று. இரண்டும் ஒரே வீரியத்துடன் இருந்தால் ஒன்றின் நுனியை உடனே கிள்ளுங்கள், அதுவே இளையது. பிரியும் இடம் குறுகிய கோணமாக இருக்க வேண்டும். அடியில் வளைந்து அகலமாகப் பிரிந்தால் எந்தக் காலத்திலும் அழகு வராது. பச்சைத் தண்டாக இருக்கும்போதே மெல்லிய கயிற்றால் இழுத்துக் கட்டித் திருத்துங்கள். முற்றிய புளி வளையாது, முறியும்.

முன்னிருந்து பார்க்கும்போது இரண்டும் சரியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. இளையது சற்றுப் பின்னாலோ முன்னாலோ தள்ளி இருக்கட்டும். நான் பின்னால் இருப்பதையே விரும்புவேன். மரத்துக்கு ஆழம் கிடைக்கிறது.

மூன்றாம் படி: பருக்க விடுதல்

இரண்டு மூன்று ஆண்டுக்கு இது போன்சாயே அல்ல, வெறும் மரக்கன்று. நிலம் இருந்தால் நிலத்தில், இல்லையென்றால் பெரிய தொட்டியில். மூத்த தண்டு ஆள் உயரம் போனாலும் போகட்டும். அந்த உயரம் பிறகு வெட்டுப்படப் போகிறது, இப்போது அடியைப் பருக்கவைப்பதுதான் அதன் வேலை. இளையது ஐந்தாறு இலை விட்டதும் இரண்டு மூன்று இலை மட்டும் வைத்து நறுக்குங்கள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளித்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். வாடையைப் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொண்டால்.

நான்காம் படி: பெரிய வெட்டு

அடிமரத்தின் குறுக்களவைப் போல ஆறு மடங்கு உயரம் என்பது பொதுவான கணக்கு. அடி 4 சென்டிமீட்டர் என்றால் முடிந்த மரம் சுமார் 24 சென்டிமீட்டர். ஆனால் மூத்த தண்டை 24-இல் வெட்டக் கூடாது. மூன்றில் ஒரு பங்கில், அதாவது 8 சென்டிமீட்டரில், ஒரு துளிருக்குச் சற்று மேலே சரிவாக வெட்டி, அந்தத் துளிரைப் புது நுனியாக ஏற்றுங்கள். மேலே போகப் போகத் தண்டு மெலிவது இப்படித்தான் வரும். ஓராண்டு கழித்து அதையும் வெட்டி அடுத்த நுனி. வெட்டுவாய் பின்பக்கம் இருக்கட்டும்; புளியில் காயம் மூட நாளாகும் என்பதால் வெட்டுக்காயத்துக்கான பசை பூசிவிடுங்கள்.

இளையதன் உயரம் மூத்ததில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில். சரிபாதியில் நிறுத்தினால் அளந்து வைத்ததுபோல் தெரியும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கிளையும் நடுவெளியும்

புதிதாகச் செய்பவர்கள் இரண்டு தண்டையும் தனித்தனி மரமாக நினைத்து, ஒவ்வொன்றுக்கும் இடம், வலம், பின் என்று கிளை வைத்துவிடுகிறார்கள். நடுவில் கிளைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு தண்டுக்கும் இடைப்பட்ட வெளிதான் இந்த வடிவத்தின் உயிர். அங்கே நீட்டும் கிளையைத் தயங்காமல் அடியோடு எடுங்கள். மூத்ததின் கிளைகள் அதன் வெளிப்பக்கமும் பின்பக்கமும், இளையதன் கிளைகள் அதன் வெளிப்பக்கமும் பின்பக்கமும். எல்லாவற்றிலும் தாழ்ந்த கிளை இளையதில் இருந்தால் நல்லது. அப்போது அந்தச் சிறிய தண்டு முழுவதுமே பெரிய மரத்தின் முதல் கிளைபோல் சேர்ந்துகொள்ளும். நடுவெளி மேலே போகும்போது மூத்ததின் கிளை அதன்மேல் கவிந்து மூடலாம்.

கிளையை வளைத்து நிறுத்தச் சுற்றும் கம்பிக்கு அலுமினியம் போதும். கனம் கிளையில் மூன்றில் ஒரு பங்கு. சுமார் 45 பாகைச் சாய்வில், இடைவெளி ஒரே சீராகச் சுற்றி, பிறகு வளையுங்கள். நம் ஊர் வெயிலில் தளிர் ஓடும் பருவத்தில் சில வாரங்களிலேயே கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது சுருளைப் பிரிக்க முயலாதீர்கள். துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

கிளைகளைத் திட்டமிட ஏற்ற நேரம் அந்தி. பொழுது சாய்ந்ததும் புளியிலை மடிந்துகொள்ளும். பகலில் பச்சையால் மூடிக் கிடந்த எலும்புக்கூடு முழுவதும் அப்போது வெளியே தெரியும். வெட்ட வேண்டிய கிளைகளில் நூல் கட்டி வைத்துவிட்டுக் காலையில் வெட்டுவேன்.

ஆறாம் படி: தட்டுத் தொட்டி

வேரிலும் கிளையிலும் அடிப்படை அமைந்த பிறகு, ஆடி ஆவணியில், மாலை மழை தொடங்கி வெயில் தணிந்திருக்கும்போது தொட்டிக்கு மாற்றுங்கள். கலவைக்குப் பாதி உடைந்த செங்கல். பாலாற்றுப் பக்கத்துச் சூளைகளில் சும்மாவே கிடைக்கும். கடுகைவிடப் பெரிதாக, பட்டாணியைவிடச் சிறிதாகச் சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். மீதியில் பருமணலும் மக்கிய எருவும். தொட்டி பளபளக்க வேண்டாம். கரிகிரி பக்கம் மண்பாண்டம் செய்பவர்களிடம் அளவு சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். அடியில் இரண்டு பெரிய துளை அவசியம். மரத்தை நட்டநடுவில் வைக்காமல், இளையது சாயும் பக்கம் அதிக இடம் விட்டு வையுங்கள்.

கத்திரி வெயிலில் காங்கிரீட் தளத்தின் சூடு தொட்டியின் அடியைச் சுட்டுவிடும். இரண்டு செங்கல்லோ பலகையோ போட்டு உயர்த்துங்கள். மேலே பாதி நிழல் தரும் வலை, காலை மாலை இரண்டு வேளை தண்ணீர். போர்வெல் நீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால், மழைநீர் பிடித்து அவ்வப்போது நன்றாக ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஏழாம் படி: நுணுக்க வேலை

இனி ஆண்டுகள் மெதுவாகப் போகும். தளிர் ஐந்தாறு இலை விட்டதும் இரண்டு இலைக்குக் கத்தரிப்பு. ஒவ்வொரு கத்தரிப்பிலும் ஒன்று இரண்டாகப் பிரியும். உச்சியில் அடிக்கடி, கீழ்க்கிளைகளில் எப்போதாவது. புளி உச்சிக்கே சத்தை ஏற்றும் மரம். உட்புறம் வெளிச்சம் போகாத இடத்தில் மாவுப்பூச்சி குடியேறும். கிளைகளைக் கலைத்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, சுற்றிலும் அடியிலும் வேரில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் புதுக் கலவையில் வையுங்கள். மூன்று வாரம் நிழல். உரம் ஒரு மாதம் கழித்து. வேரை வெட்டிய அந்தப் பருவத்தில் கம்பி கட்டும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.